கூரை கோணினால் சுவரைப் பார்

வீடு வரையும் மென்பொருளில் சுவர்களை வரைந்து முடித்து 'பில்ட் ரூஃப்' அழுத்தினால் வரவேண்டியது ஒரு முகடும் நாலு சரிவும்தான். வருவதோ வேறு: மூலையில் ஒட்டிக்கொண்ட துண்டு முக்கோணம், நடுவில் வானம் தெரியும் ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் மூன்று அங்குலம் தாழ்ந்து தொங்கும் இறவாணம். கை உடனே அந்தத் துண்டைப் பிடித்து இழுக்கப் போகும். இழுத்தால் ஒரு ஓட்டை அடைபடும், பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அரைநாள் கழித்துப் பார்த்தால் மேலிருந்து எல்லாம் சரியாகத் தெரியும், செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) வெட்டினால் எதுவுமே பொருந்தாது.

இங்கே சொல்வது சீஃப் ஆர்க்கிடெக்ட், அதன் தம்பியான ஹோம் டிசைனர் இரண்டையும் வைத்து. இரண்டும் அமெரிக்க மரச்சட்ட வீடுகளுக்காகவே உருவானவை. அந்த வீடுகளுக்கு இங்கிருந்து வரைபடம் போட்டுத் தருகிறவர்கள் பலருக்கும் கை பழகியது தட்டையான காங்கிரீட் தளத்தில். தளம் போடும்போது சுவர் இரண்டு அங்குலம் முன்பின் இருந்தால் ஸ்லாப் அதை மூடிக்கொள்ளும். சாய்ந்த கூரை மூடாது. கீழே இருக்கிற தப்பை அப்படியே மேலே தூக்கிக் காட்டும். ஆகவே கூரையில் தெரியும் கோளாறுக்குக் காரணத்தைக் கூரையில் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை.

ஒரு ரூஃப் பிளேன், அதாவது கூரையின் ஒரு சரிவுப் பரப்பு, எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்றுதான். ஒன்று பேஸ்லைன்: பிளேன் சுவர்ச் சட்டத்தின் வெளிமுகத்தில் உட்காரும் கோடு. இரண்டாவது அந்தக் கோட்டின் உயரம். மூன்றாவது பிட்ச்: 12 அங்குலம் உள்ளே போனால் எத்தனை அங்குலம் ஏறும் என்ற கணக்கு. 6:12 என்றால் 26.57 பாகை, 8:12 என்றால் 33.69. முகட்டின் உயரம், இரண்டு பிளேன்கள் சந்திக்கும் கோடு எல்லாம் இந்த மூன்றிலிருந்து பிறப்பவை. பிளேனின் விளிம்பை இழுப்பதால் இந்த மூன்றில் எதுவும் மாறுவதில்லை, துணியின் ஓரத்தை வெட்டுகிறோம் அவ்வளவே. பேஸ்லைனை நகர்த்தினால்தான் துணியே நகரும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிச் சிக்கல் அவிழும்.

(பிட்ச் கேட்கும் இடத்தில் பாகையை எதிர்பார்க்கும் அமைப்பில் வெறும் 6 என்று அடித்தால் 6 பாகைக் கூரைதான் கிடைக்கும், கிட்டத்தட்ட மொட்டைமாடி. மெட்ரிக்கில் வேலை செய்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இது.)

சுவரில் தொடங்கும் கோளாறுகள்

கூரையே வரவில்லையா? சுவர்கள் எங்கோ மூடவில்லை. தானியங்கிக் கூரை, நாலு பக்கமும் அடைபட்டு 'அறை' என்று மென்பொருள் ஒப்புக்கொண்ட இடத்துக்கு மேல்தான் எழும். உள்ளே சொடுக்கினால் அறை தேர்வாகாமல் எதுவும் நடக்காவிட்டால், ஏதோ ஒரு மூலையில் இரண்டு சுவர்கள் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அறை தேர்வாகியும் கூரை இல்லையென்றால் அந்த அறையின் அமைப்பில் 'ரூஃப் ஓவர் திஸ் ரூம்' என்ற பெட்டி டிக் இல்லாமல் கிடக்கும்.

துண்டு துண்டாக, எலும்பு மாதிரி மெல்லிய பிளேன்கள் வந்தால் சுவரில் நொடிப்பு இருக்கிறது. 24 அடி அகலமுள்ள வீட்டின் ஒரு பகுதி மட்டும் 24 அடி 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியின் முகடு 2 அங்குலம் தள்ளி நிற்கும். 6:12 பிட்சில் 1 அங்குலம் உயர்ந்தும் நிற்கும். அந்த ஒரு அங்குலத்தை இணைக்க மென்பொருள் சின்னச் சின்ன ஹிப்களையும் (வெளிமூலையில் சரிவுகள் சந்திக்கும் மேடு) பள்ளக்கோடுகளையும் (உள்மூலையில் சந்திக்கும் பள்ளம்) போட்டே தீரும். கேட்டதைத்தான் செய்கிறது, அதைத் திட்டிப் பயனில்லை. சுவர்களை நேர்க்கோட்டில் கொண்டுவந்து, இடையில் இருக்கும் தேவையற்ற முறிவை நீக்கிவிட்டு, பிளேன்கள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் சுவரின் கோணத்தையும் ஒருமுறை பாருங்கள். 90 என்று இருக்கவேண்டியது 89.98 என்றிருந்தால் 40 அடி நீளத்தில் அது ஆறில் ஒரு பங்கு அங்குலம் விலகும். கூரைக்கு அதுவே போதும்.

இரண்டு மாடி வீட்டில் அடிக்கடி வருவது, மாடிச்சுவர் முழுக்க ரிப்பன் மாதிரி ஓடும் ஓர் ஒல்லிக் கூரை. மாடிச்சுவர் கீழ்ச்சுவரைவிட உள்ளே தள்ளி இருப்பதால், வெளியே தெரியும் அந்த ஒரு அங்குலத்துக்கும் மென்பொருள் விசுவாசமாகக் கூரை போடுகிறது. 'அலைன் வித் வால் பிலோ' என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. ஆனால் ஒரு பொறி உண்டு. கீழே செங்கல் முகப்பு, மேலே பலகை முகப்பு என்றால் இரண்டு சுவர்களின் வெளிப்பரப்பையும் ஒன்றாக்கக் கூடாது. மரச்சட்ட அடுக்கின் வெளிமுகம்தான் ஒன்றாக வேண்டும், பேஸ்லைன் அங்கேதான் உட்காருகிறது. கீழே 2×6 சட்டம், மேலே 2×4 என்றாலும் இதே விதி: அவற்றின் உண்மை அளவான 5½ அங்குலத்துக்கும் 3½ அங்குலத்துக்கும் உள்ள 2 அங்குல வித்தியாசம் உட்புறமாகப் போகட்டும்.

மேல் தளத்தில் ஒரு அறைக்கு மட்டும் சீலிங் உயரத்தை 8 அடியிலிருந்து 9 அடியாக்கினால் அந்த அறைக்கு மேலிருக்கும் கூரை ஒரு அடி எகிறும். பேஸ்லைனின் உயரம் அறையின் சீலிங் உயரத்திலிருந்து வருவதுதான் காரணம். சுவர் உண்மையிலேயே உயரவேண்டுமா, அல்லது உள்ளே மட்டும் கூடம் உயரமாகத் தெரிந்தால் போதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பின்னதுதான் என்றால் அறையின் உயரத்தைத் தொடாமல் 'ஃபிளாட் சீலிங் ஓவர் திஸ் ரூம்' டிக்கை எடுத்தாலே சீலிங் கூரைச் சரிவோடு ஏறிக்கொள்ளும். கூரை அசையாது.

முக்கோணச் சுவர் கேட்ட இடத்தில் ஹிப் வந்து நின்றால், சுவர் இரண்டு துண்டாக இருந்து ஒரு துண்டுக்கு மட்டும் 'ஃபுல் கேபிள் வால்' கட்டளை கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கொடுக்கவேண்டும். இதில் வேறு ரகசியம் எதுவும் இல்லை.

பிட்ச் மாறும் இடம்

நேரத்தை அதிகம் தின்பது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம். பெரிய கட்டு 24 அடி அகலம், பிட்ச் 6:12. பாதி அகலம் 144 அங்குலம், முகடு பேஸ்லைனிலிருந்து 72 அங்குலம் ஏறும். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக்கட்டு 16 அடி அகலம், அதே பிட்ச். பாதி 96, ஏற்றம் 48. பக்கக்கட்டின் முகடு பெரிய கூரையில், பேஸ்லைனிலிருந்து 96 அங்குலம் உள்ளே போய் முட்டும். பள்ளக்கோடு மேலிருந்து பார்த்தால் சரியாக 45 பாகையில் ஓடும். பிட்சும் பேஸ்லைன் உயரமும் ஒன்றாக இருந்தால் சந்திப்புக்கோடு எப்போதும் சுவர் மூலையின் கோணத்தை இரண்டாக வெட்டும். மென்பொருளில் அது 45-ல் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று ஒத்துப்போகவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

இப்போது வீட்டுக்காரர் முகப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று பக்கக்கட்டை 8:12 ஆக்கச் சொல்கிறார். ஏற்றம் 64 ஆகிறது. பெரிய கூரை அந்த உயரத்தை 128 அங்குலம் உள்ளே போனபிறகுதான் எட்டும். பள்ளக்கோடு பக்கக்கட்டின் முகட்டோடு 36.87 பாகையில் ஓடும். இதுவரை நல்லது. சிக்கல் இறவாணத்தில். இரண்டுக்கும் ஓவர்ஹேங் (சுவரைத் தாண்டி வெளியே நீளும் பகுதி) 18 அங்குலம் என்றால், 6:12 சரிவு சுவரைத் தாண்டி 9 அங்குலம் இறங்கும். 8:12 சரிவு 12 அங்குலம் இறங்கும். இறவாண விளிம்பை மூடும் ஃபேசியாப் பலகைகள் 3 அங்குலம் ஏறுமாறாக நிற்கும். பள்ளக்கோடும் இறவாண மூலையில் வந்து விழாமல் 4½ அங்குலம் தள்ளி விழும். 'மூலையில் ஒரு சின்ன வால் தொங்குகிறது, என்ன செய்தாலும் போகவில்லை' என்று சொல்வது இந்த 4½ அங்குலத்தைத்தான். அதை இழுத்து மூடினால் மூடியது மாதிரி இருக்கும். தச்சர் அதைக் கட்ட முடியாது.

தீர்வு இரண்டு. பக்கக்கட்டின் ஓவர்ஹேங்கை 13½ அங்குலமாகக் குறைக்கலாம்: 13½ அங்குலத்துக்கு 8:12-ல் இறக்கம் 9, ஃபேசியா ஒன்றாகிவிடும். பள்ளக்கோடு சுவர் மூலை, இறவாண மூலை இரண்டின் வழியாகவும் சுத்தமாக ஓடும். அல்லது ஓவர்ஹேங்கை 18-லேயே விட்டு, பக்கக்கட்டின் பேஸ்லைனை 3 அங்குலம் உயர்த்தலாம். அப்போது இறவாண மூலை பொருந்தும். ஆனால் பள்ளக்கோடு சுவர் மூலையிலிருந்து 4½ அங்குலம் விலகும், முகடு 67 அங்குலமாகி 134-ல் முட்டும், கட்டும் இடத்தில் அந்தச் சுவருக்கு மேல் 3 அங்குலம் கட்டை சேர்க்கவும் வேண்டும். தோற்றத்துக்கு இரண்டாவது, கட்டுவதற்கு முதலாவது. முக்கோண முகப்பு தெருவைப் பார்த்திருந்தால் 13½ அங்குல ஓவர்ஹேங் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும் என்பது உண்மைதான், ஆனாலும் எளிமைக்காக அதையே தேர்வது நல்லது. ஃபேசியா வேறு வேறு உயரத்தில் இருந்தால் மழைநீர்க் குழாய் ஓட்டமே மூலையில் அறுந்துபோகும். இரண்டில் எதையாவது செய்தே ஆகவேண்டும்.

கையால் இணைக்கும்போது

தானியங்கிக் கூரை ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. கையால் பிளேன் வரையும் கருவி எல்லாப் பதிப்பிலும் இல்லை, ஹோம் டிசைனரின் கீழ்ப்பதிப்பில் கிடையாது என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கை வைப்பதற்கு முன் 'ஆட்டோ ரீபில்ட் ரூஃப்ஸ்' டிக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால், ஒரு மணி நேரம் திருத்தியபின் யாரோ ஒரு சுவரை நகர்த்துவார்கள், கூரை தன் இஷ்டத்துக்கு மறுபடி கட்டிக்கொள்ளும். திருத்தத் தொடங்குமுன் கோப்பை வேறு பெயரில் ஒருமுறை சேமிப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

மேலே சொன்ன பக்கக்கட்டையே, 6:12 பிட்சில் இருந்தபடியே எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் இரண்டு பிளேன்களையும் முகட்டில் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். அடுத்து பெரிய பிளேனின் இறவாண விளிம்பில் மூன்று முறிவுகள் வையுங்கள்: பக்கக்கட்டு தொடங்கும் இடம், முடியும் இடம், நடு. நடுவில் இப்போது இரண்டு துண்டு விளிம்புகள் இருக்கும். இடது துண்டைத் தேர்ந்து, 'ஜாயின் ரூஃப் பிளேன்ஸ்' எடுத்து, பக்கக்கட்டின் இடது பிளேனின் பின்விளிம்பைச் சொடுக்குங்கள். வலதுக்கும் அப்படியே. பெரிய பிளேனில் தலைகீழ் 'வி' போல ஒரு வெட்டு விழுந்து, அதன் நுனி பேஸ்லைனிலிருந்து 96 அங்குலத்தில் நிற்கவேண்டும். முறிவு வைக்காமல் முழு இறவாண விளிம்பையும் இணைக்கப் போனால் பெரிய பிளேன் முழுக்கச் சுருண்டு வில் முடிச்சு மாதிரி ஆகிவிடும். அப்போது திருத்தப் பார்க்காமல் 'அன்டூ' அழுத்துவதே மேல்.

இணைக்க முடியாது என்று மென்பொருள் சொன்னால் இரண்டு பிளேன்களும் அந்த இடத்தில் உண்மையிலேயே சந்திக்கவில்லை. ஒரே பக்கம் பார்த்து, ஒரே பிட்சில் இருக்கும் இரண்டு பிளேன்கள் இணைகோடுகள் மாதிரி; எந்த உலகத்திலும் சந்திக்கா. நுனி 96-க்குப் பதில் 98-ல் நின்றால் உயரத்தில் 1 அங்குலப் பிழை: 6:12-ல் செங்குத்தான ஒரு அங்குலம் படுக்கையில் இரண்டாகப் பெருகும். இந்தப் பெருக்கத்தைப் பிழை கண்டுபிடிக்கும் கண்ணாடியாகவே பயன்படுத்தலாம். பிட்ச் குறையக் குறைய இன்னும் பெருகும், 3:12-ல் நாலு மடங்கு.

அந்த ஒரு அங்குலம் எங்கிருந்து வருகிறது? பலமுறை கைமரத்தின் தடிமனிலிருந்து. கைமரம் சுவரின் மேற்கட்டையில் உட்கார, அடியில் ஒரு வெட்டு விழும், பேர்ட்ஸ்மவுத் என்பார்கள். 2×10 கைமரத்தின் உண்மையான ஆழம் 9¼ அங்குலம், 6:12 சாய்வில் செங்குத்தாக அளந்தால் 10.34. 3½ அங்குலக் கட்டையில் முழுதாக உட்கார்ந்தால் வெட்டின் ஆழம் 1¾. மிச்சம் 8.6 அங்குலம் கட்டைக்கு மேலே நிற்கும். 2×6 என்றால் செங்குத்து ஆழம் 6.15, மிச்சம் 4.4. பெரிய கட்டுக்கு 2×10, பக்கக்கட்டுக்கு 2×6 என்று போட்டால் ஒரே சுவர் உயரத்திலும் இரண்டு கூரைப் பரப்புகளும் 4.2 அங்குலம் விலகி நிற்கும். 'டிரஸ்ஸஸ், நோ பேர்ட்ஸ்மவுத்' (கைமரத்துக்குப் பதில் முக்கோணச் சட்டகங்கள்) தேர்வை மாற்றினாலும் கூரை மொத்தமாக ஏறும் அல்லது இறங்கும், அந்த வெட்டு இல்லாமல் போவதால். ஆகவே முதலில் டிரஸ்ஸா கைமரமா, எத்தனை ஆழம் என்பதை முடிவு செய்துவிட்டுப் பிளேனைத் தொடுங்கள்.

ஏறவே ஏறாத டார்மர்

கூரையிலிருந்து எட்டிப்பார்க்கும் ஜன்னல் கூடான டார்மரில், ஒரே பக்கம் சரியும் வகை மென்பொருளில் 'இடமில்லை' என்று அடம்பிடிக்கும். அது மென்பொருளின் குணமில்லை, வடிவியல். டார்மர் முன்சுவர் பெரிய கூரைப் பரப்பிலிருந்து 60 அங்குலம் எழுகிறது, அதன் கூரை 3:12 என்று வையுங்கள். பெரிய கூரை 12:12 ஆக இருந்தால் இரண்டும் 80 அங்குலத்தில் சந்தித்துவிடும். பெரிய கூரை 6:12 என்றால்? 240 அங்குலம், 20 அடி. 24 அடி வீட்டில் முகடே 12 அடியில் முடிந்துபோகிறது. எத்தனை முறை விளிம்பை இழுத்தாலும் அது சந்திக்கப் போவதில்லை. டார்மர் சுவரைத் தாழ்த்தவேண்டும், அல்லது பெரிய கூரையின் பிட்சைக் கூட்டவேண்டும்.

முன்தாழ்வாரத்தின் சரிவு மாடி ஜன்னலை முட்டுவதும் இதே கதை. தாழ்வாரச் சுவர் 96 அங்குலம், பிட்ச் 4:12, ஆழம் 8 அடி: சுவரை அடையும்போது 128, கைமரத்தின் தடிமனையும் கூரை ஓடுகளையும் சேர்த்தால் 133-ஐத் தாண்டும். மாடி ஜன்னலின் அடி 146-ல் இருந்தால் தப்பித்தது. தாழ்வாரத்தை 12 அடியாக்கினால் 144-ம் மேலும், ஜன்னலில் மோதும். பிட்சைக் குறைத்துத் தப்பிக்கலாம், ஆனால் அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு அஸ்பால்ட் ஷிங்கிளுக்கு (தார் ஓடு) 2:12-க்குக் கீழே இடம் தருவதில்லை. 2:12-க்கும் 4:12-க்கும் இடையில் அடித்தாள் இரட்டையாகப் போடவேண்டும். அதற்கும் கீழே போனால் கூரைப் பொருளே மாறவேண்டும் என்பதை வரைபடக் குறிப்பில் எழுதுங்கள்.

கூரைக்கு அடியில் சுவர் துருத்திக்கொண்டு நின்றால், மாடிச்சுவர் கீழ்க்கூரையின் மேல் உட்கார்ந்திருக்கும் இடமா என்று பாருங்கள். அந்தச் சுவரின் அமைப்பில் 'ரூஃப் கட்ஸ் வால் அட் பாட்டம்' டிக் செய்தால் கூரைக்குக் கீழுள்ள பகுதி மறையும். எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு: முக்கோணச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் வெட்டவெளி. அது தானாக முளைத்த பரண் சுவரை எப்போதோ யாரோ அழித்ததால் வந்தது. பரண் தளத்துக்குப் போய் மீண்டும் வரைந்தால் போதும்.

வேறு மென்பொருளிலும் கணக்கு மாறாது, முகம்தான் மாறும். ரெவிட்டில் கூரையின் அடித்தளக் கோடுகளில் எதற்கெல்லாம் 'டிஃபைன்ஸ் ஸ்லோப்' இருக்கிறது என்பதுதான் எல்லாம். ஃபேசியா ஏறுமாறைத் தீர்க்க 'அலைன் ஈவ்ஸ்' உண்டு. ஸ்கெட்ச்அப்பில் பிளேன் என்றே ஒன்று கிடையாது, முகங்கள்தான். நாலு மூலையில் ஒன்று நூலளவு உயர்ந்தாலும் நாற்கரம் மூலைவிட்டத்தில் மடிந்து இரண்டு முக்கோணமாகும், கூரையின் குறுக்கே கோடு விழுந்திருப்பது அதற்குச் சாட்சி. கோட்டை மறைப்பது தீர்வல்ல. உயர்ந்த முனையைக் கண்டுபிடித்து இறக்குங்கள்.

முடிந்தபின் சரிபார்க்க முப்பரிமாணப் படத்தை நம்பவேண்டாம். பெரிய கட்டின் குறுக்கே ஒன்று, பக்கக்கட்டின் குறுக்கே ஒன்று, பள்ளக்கோட்டின் நெடுக ஒன்று என்று மூன்று செக்‌ஷன் வெட்டுங்கள். மூன்றாவதில், இரண்டு பிட்சும் 6:12 ஆக இருக்கும் நம் உதாரண வீட்டுக்கு, சுவர் மூலையிலிருந்து முகட்டு நுனிவரை பள்ளக்கோட்டின் நீளம் சரியாக 144 அங்குலம் வரவேண்டும்: படுக்கையில் 135.76, செங்குத்தில் 48. 145 வந்தால் விளிம்புகளை விட்டுவிட்டு, இரண்டு பிளேன்களின் பேஸ்லைன் உயரத்தைத் திறந்து பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்.